மஞ்சளாக மாட்டேன்னு அழுத பொடி

ஒரு லேப்ல ஒரு வெள்ளைப் பொடி இருந்துச்சு. வெளிய பாத்தா கோலமாவு. உள்ள எட்டிப் பாத்தா பெரிய லாட்ஜு. உலோக முடிச்சு தூணு, கார்பன் கம்பி உத்தரம், நடுவுல பூரா காலி ரூமு.

அதுக்குக் குடுத்த வேலை ஒண்ணுதான். வெயில வாங்கி, சாயத்தண்ணியில இருக்கற சாயத்தை உடைச்சுப் போடணும். ஆனா அது புற ஊதா விளக்குக்கு மட்டும்தான் எந்திரிக்கும். சாதா வெயிலுக்குக் குறட்டை.

அதைச் செஞ்ச பிரிசில்லா கடுப்பாயிட்டா. "இன்னிக்கும் சொதப்புன, நேரா கழிவு டப்பாதான்."

பொடிக்குப் பாதி உசுரு போச்சு. சிவப்புச் சாயத்தண்ணியில விழுந்ததும், கையில சிக்குன சாயத்தையெல்லாம் இழுத்து ரூமுக்குள்ள தள்ளிப் பூட்டிருச்சு. தண்ணி பளிச்!

"அக்கா, ஜெயிச்சுட்டோம்! பிரியாணி எப்ப?"ன்னு குதிச்சான், கூட ஆராய்ச்சி பண்ற சம்பத்.

"டேய், மொதல்ல இருட்டுல கலக்கணும்னு கருப்புப் பேப்பர் சுத்துனோமே, அதை யாருடா பிரிச்சா? வெளிச்சமே படாம இது என்னத்த உடைச்சுது?"

பொடியை எடுத்து ஆல்கஹால் ஊத்திக் கழுவுனா. சாயம் வரிசையா எறங்கி வந்து சொல்லுச்சு: "ரூமு வசதிங்க. ஒரு கீறல் கூட விழல."

பிரிசில்லா டப்பா மூடியைத் திறந்தா. அப்புறம் என்ன நெனச்சாளோ, "கடைசியா கம்பியை மாத்திப் பாப்போம்டா. அமினோன்னு ஒரு நைட்ரஜன் கொத்து வெச்ச கம்பி போட்டா பொடி மஞ்சளாயிரும். சாதா வெயிலையும் புடிக்கும்"ன்னா.

"மஞ்சளா? ஐயோ! இந்த வெள்ளையும் போச்சுன்னா எங்கிட்ட வேற என்ன இருக்கு?"ன்னு பொடி அழுதுச்சு.

சாயம் சிரிச்சுது. "அப்ப வெள்ளையாவே குப்பைக்குப் போ ராசா. யாரு வேண்டாங்கறா?"

சுருக்குன்னுச்சு பொடிக்கு. "கழட்டுங்க கம்பிய!"

ஒவ்வொரு கம்பியா மாறுச்சு. வெளிய வரும்போது பொடி, எலுமிச்சம்பழ சாதம் கலருல இருந்துச்சு. மறுபடியும் சாயத்தண்ணி, மறுபடியும் இருட்டு. சாயம் சொந்த வீடு மாதிரி உள்ள போயி காலை நீட்டிப் படுத்துச்சு.

பிரிசில்லா பேப்பரைப் பிரிச்சு, கிளாஸை ஜன்னலோரம் வெச்சா. வெயில் நேரா உள்ள வந்துச்சு.

"யாருங்க நீங்..."ன்னு சாயம் கேட்டு முடிக்கல, சுக்குநூறாயிருச்சு. இந்தத் தடவை எவ்வளவு கழுவியும் துளி சிவப்பு வரல.

பொடி வெயிலைக் கேட்டுச்சு: "இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

"தெனமும் வந்தேனே. பட்டதும் படாததுமா அப்படியே திருப்பி அனுப்புன. அதுக்குப் பேருதான் வெள்ளை."