சூட்டுக்கு மட்டும்

ஆற்றின் கிழக்குக் கரைக் காட்டில் வேம்பி என்ற கரடி நெருப்பைக் காத்து வந்தாள். மேற்குக் கரையில் நெருப்பே கிடையாது. அங்கே நரிகளும் முயல்களும் மார்கழிப் பனியில் வெடவெடத்துக் கிடந்தன.

ஒரு நாள் நரித் தலைவன் கூரன் ஆற்றைக் கடந்து வந்தான். குளிரில் குட்டிகள் செத்துப்போவதாகச் சொல்லி அழுதான். அழுகை உண்மைதான். நரி என்றால் பிள்ளைப்பாசம் இல்லாமல் போகுமா?

வேம்பிக்கு மனம் இளகியது. ஆனாலும் நெருப்பைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? இரண்டு காடுகளும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டன. நெருப்பை இன்னொரு காட்டுக்குக் கைமாற்றக் கூடாது. வேம்பி எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மீறினால் நெருப்பைத் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நெருப்பு ‘சூட்டுக்கு மட்டும்’ என்று பாறையில் கீறினார்கள்.

மேற்குக் கரை முயல் தும்பை, வேம்பியின் தோழி. அவளுக்கு அந்தச் சொல் உறுத்தியது.

“அக்கா, ‘குளிர்காய மட்டும்’னு கீறுங்க. நாங்க நரிங்களுக்குப் பக்கத்து வளையில இருக்கோம்” என்றாள்.

வேம்பி சிரித்துவிட்டாள். சூடு என்றால் என்னவென்று நரிக்குத் தெரியாதா, இதற்காக மறுபடி பாறையைச் சுரண்டுவதா என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தாள். பாவி, அவளுக்குச் சோம்பல்!

நெருப்பு ஆற்றைக் கடந்தது. நரிக்குட்டிகள் பிழைத்தன. வேம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

பனி விலகியதும் பார்த்துவரப் போனாள். முயல் வளைகள் வெறிச்சோடிக் கிடந்தன. புதரடியில் தும்பை முனகிக்கொண்டிருந்தாள். முதுகெல்லாம் கொள்ளிக்கட்டையால் இழுத்த தழும்பு. வளையைக் காலிசெய்ய மறுத்த முயல்களுக்கெல்லாம் நரிகள் அப்படித்தான் செய்திருந்தன. மற்ற முயல்கள் எங்கே ஓடினவோ தெரியவில்லை.

வேம்பி கொதித்துப்போய்க் கூரனைக் கூப்பிட்டாள். “ஒப்பந்தத்தை மீறிட்டியேடா!”

“எங்க மீறினோம்? சூட்டுக்கு மட்டும்னு நீங்கதானே கீறினீங்க. சூடுதான் வச்சோம்” என்றான் கூரன், நிதானமாக.

“என் நெருப்பைத் திருப்பிக் கொடு” என்றாள் வேம்பி.

“தாராளமா எடுத்துட்டுப் போங்க” என்று கூரன் ஒரு கொள்ளியை நீட்டினான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு நரி வளையின் வாசலிலும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

வேம்பி அதை வாங்கவில்லை. தும்பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். கரையேறும்போது தும்பையின் உடம்பு சில்லிட்டிருந்தது.

நெருப்பு போன்ற ஒன்றைப் பிறர் கையில் கொடுப்பவர் கொடுக்கும் முன்பே சொல்லைச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் கொடுத்த பிறகு சொல்லையும் திருத்த முடியாது, நெருப்பையும் திருப்பி வாங்க முடியாது.