வெறுங்கையோடு திரும்பிய நண்டு

காட்டோரத்துக் கலங்கல் குட்டையில் கொடுக்கன் என்றொரு நண்டு இருந்தது. பக்கத்திலேயே புளிப்புக் குட்டை. கரைப் புளியமரம் பழங்களை அதில்தான் உதிர்க்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கால்வாய். அது நிறைய இலுப்பை எண்ணெய். எண்ணெய் கலைந்தால் புளிப்பு இந்தப் பக்கம் பாய்ந்து மீன்கள் செத்துவிடும்.

மார்கழிப் பனி மூடியது. இரை தேடப் போன கூழைக்கடாக்களுக்குக் கூடு தெரியவில்லை. புளியமரத்தில் குஞ்சுகள் பசியில் அலறின.

"புளிப்புக் குட்டையில் ஒளிக்கல்லைப் போட்டால் வழி தெரியும்!" என்றன மீன்கள்.

ஒளிக்கற்கள் கலங்கல் குட்டையின் அடியில் கிடந்தன. ஆனால் கூடவே எத்தனையோ கறுப்புக் கற்கள்! நிறம் ஒன்று, எடை ஒன்று. புளிப்பு நீர் பட்டால்தான் ஒளிக்கல் மின்னும். மற்றவை கலந்தால் ஒளியை மறைத்துவிடும்.

"நண்டுப் பயலுக்கு இது ஆகாது. என் பிடி ஊரறிந்தது!" என்று உடும்பு முந்தியது. கைக்கு வந்ததையெல்லாம் அள்ளியது. எண்ணெய் தளும்ப அக்கரை சேர்ந்தது; நல்லவேளை, எண்ணெய் கலையவில்லை.

"கல்லை விடுங்க அண்ணாச்சி!" என்று கத்தின குஞ்சுகள்.

"விடுவதா? எங்கள் பரம்பரையில் எவனும் பிடித்ததை விட்டதில்லை!"

கொடுக்கன் குட்டையின் அடிக்கு இறங்கியது. அதன் கொடுக்கில் ஒரு பள்ளம். ஒளிக்கல் மட்டுமே அதில் பொருந்தும், மற்றவை வழுக்கிவிடும். கவ்விய கல்லோடு எண்ணெய் கலையாமல் ஊர்ந்தது. அக்கரையில் புளிப்பு சுரீரென்றது. கொடுக்கு தானாக விரிந்தது. கல் விழுந்து பளிச்சென்று மின்னியது. கொடுக்கன் உடனே திரும்பியது.

"போகும்போது கல், வரும்போது வெறுங்கை! உனக்கு என்னடா மிஞ்சியது?" என்று சிரித்தது உடும்பு.

"அடுத்த கல்லுக்கு இடம் மிஞ்சியது அண்ணாச்சி!"

ஒவ்வொரு கல்லாக ஒளி குவிந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு கூழைக்கடாக்கள் இறங்கின. குஞ்சுகளின் வாய் நிறைந்தது.

"இந்த விளக்கு யார் வேலை?" என்று கேட்டது தாய்ப்பறவை.

"எங்கள் குட்டை நண்டு!" என்று துள்ளின மீன்கள். கொடுக்கன் வெறும் கொடுக்கைத் தூக்கிக் காட்டியது. அவ்வளவு பெருமை அதற்கு!

உடும்பு இன்னும் கறுப்புக் கற்களை இறுக்கிக்கொண்டு நின்றது.

வேண்டியதை மட்டும் பிடித்து, வேண்டிய இடத்தில் விடத் தெரிந்தவனே வல்லவன்.