சேவலின் குரலுக்கு ஒரு வழி

வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஒரு மலைக்காட்டில், விறகுவெட்டி ஒருவன் எப்போதோ கைவிட்டுப் போன மரக்குடில் ஒன்று இருந்தது. அதில் பதினொரு கோழிகளும் செங்கோடன் என்ற சேவலும் குடியிருந்தன.

செங்கோடன்தான் அங்கே தலைவன். தன் சிவந்த கொண்டை மீதும் கணீரென்ற குரல் மீதும் அவனுக்கு அளவில்லாத பெருமை. தான் கூவாவிட்டால் சூரியன் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும் என்று உண்மையாகவே நம்பினான்.

அந்தக் கூட்டத்தில் புள்ளிச்சி என்றொரு கோழி இருந்தாள். அவள் பேசுவது கொஞ்சம், கவனிப்பது அதிகம்.

பனிக்காலம் நெருங்கியது. செங்கோடன் எல்லோரையும் கூப்பிட்டான்.

"இந்த வருடம் குளிர் கொல்லப்போகிறது. சுவரில் ஓர் ஊசித்துளைகூட இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் அடையுங்கள்!"

கோழிகள் மளமளவென்று வேலையில் இறங்கின. தரையில் கனமாகச் சருகு பரப்பின. காற்று சீறிக்கொண்டு நுழையும் கீழ்ப் பலகை இடுக்குகளில் பாசியைத் திணித்தன. அதோடு விட்டிருந்தால் நல்லது. குடிலைக் கட்டியவன் கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் விட்டிருந்த துளைகளையும் களிமண் அப்பி மூடிவிட்டன.

பனி கொட்டத் தொடங்கியது. முதல் இரண்டு நாள், "ஆகா, என்ன கதகதப்பு!" என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை புள்ளிச்சியின் முதுகில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். பன்னிரண்டு பேரின் மூச்சும் ஆவியாக மேலே ஏறி, வெளியேற வழியில்லாமல் கூரையில் நீராகத் திரண்டு நின்றது.

நாளாக ஆகச் சருகு நனைந்து நாறியது. எச்சத்தின் நெடியில் கண் எரிந்தது. புள்ளிச்சியின் தோழி வெள்ளச்சி இரை எடுக்காமல் இருமிக்கொண்டே கிடந்தாள். செங்கோடனின் கொண்டை நுனியே ஈரம் உறைந்து கறுத்துவிட்டது.

"இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது! தேடுங்கள், அடையுங்கள்!" என்று அவன் கத்தினான்.

புள்ளிச்சி இரை தேடி வெளியே போனபோது மரங்கொத்தியைப் பார்த்தாள். அது பட்டுப்போன மரத்தைக் குஷியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் குளிரில் உனக்கு இருமல்கூட இல்லையே! உன் பொந்துக்குக் கதவும் கிடையாதே?" என்று கேட்டாள்.

"கதவு எதற்கு? இறகு உலர்ந்திருந்தால் எந்தக் குளிரையும் தாங்கலாம். நனைந்தால்தான் வம்பு. உன்னைப் பார், குளத்தில் விழுந்து எழுந்தவள் மாதிரி இருக்கிறாய்" என்றது மரங்கொத்தி. "அது சரி, உங்கள் சேவல் எங்கே போனார்? பல நாளாகக் குரலையே காணோம்."

"தினமும் கூவுகிறாரே!"

"இங்கே கேட்கவில்லை, அம்மா."

புள்ளிச்சி ஓட்டமாக வந்து செங்கோடனிடம் சொன்னாள்: "அண்ணே, நம்மை வதைப்பது வெளிக்குளிர் இல்லை. உள்ளே தேங்கிய ஈரம். கூரைத் துளைகளைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும்."

"பனிக்காலத்தில் திறப்பதா? உன் மூளையும் உறைந்துவிட்டதா?" என்றான் செங்கோடன். மற்றக் கோழிகள் கெக்கலித்துச் சிரித்தன.

புள்ளிச்சிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. வெள்ளச்சியின் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள்.

"நான் வசந்தத்தைப் பார்ப்பேனா?" என்று வெள்ளச்சி மெல்லக் கேட்டாள்.

"பார்ப்பாய்" என்றாள் புள்ளிச்சி. சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. வெகுநேரம் யோசித்தாள்.

மறுநாள் செங்கோடன் கூவி முடித்ததும் அருகில் போனாள்.

"அண்ணே, ஒரு சேதி. நீங்கள் எங்கே போய்விட்டீர்கள் என்று மரங்கொத்தி கேட்கிறது. பல நாளாக உங்கள் குரல் காட்டில் கேட்கவே இல்லையாம்."

செங்கோடன் திடுக்கிட்டான். "என்ன? என் குரலா?"

"எல்லாம் சுவருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது."

"அப்படியானால் சூரியன்...?"

"இப்போதெல்லாம் எவ்வளவு தாமதமாக உதிக்கிறது, கவனித்தீர்களா?"

செங்கோடன் கதவை நோக்கி ஓடினான். "உடனே கதவைத் திற!"

"கதவு வேண்டாம், அண்ணே. தரையோடு போனால் குரல் பனியில் புதைந்துவிடும். கீழ் இடுக்குகளும் அடைத்தபடியே இருக்கட்டும். கூரைத் துளைகளை மட்டும் திறந்தால் உங்கள் குரல் மரங்களுக்கு மேலே போகும். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று."

"அப்படிச் சொல்! கூப்பிடு அந்த மரங்கொத்தியை!"

களிமண் கல்லாக இறுகியிருந்தது. மரங்கொத்தி டொக் டொக்கென்று கொத்தி இரண்டு துளைகளையும் திறந்தது. தேங்கியிருந்த ஆவி வெள்ளைப் புகைபோல வெளியேறியது. புதுக்காற்று கோழிகளின் தலைக்கு மேலாகவே வந்து போனது. அவை உட்கார்ந்திருந்த கழியில் ஓர் இறகுகூட அசையவில்லை.

மறுநாள் கூரையில் ஒரு துளி இல்லை. நனைந்த சருகை வெளியே தள்ளிவிட்டுப் புதுச்சருகு பரப்பினார்கள். அது நனையாமல் மொரமொரவென்று கிடந்தது. ஒரு வாரத்தில் வெள்ளச்சியின் இருமல் நின்றது. செங்கோடனின் கொண்டையில் கறுத்த நுனி கறுத்ததுதான். மற்றதெல்லாம் பழையபடி சிவந்தது.

"பார்த்தீர்களா? என் குரலுக்கு வழி விட்டதும் எல்லோருக்கும் நோய் தீர்ந்துவிட்டது. என் குரலே மருந்து!" என்று அவன் மார்பை நிமிர்த்தினான். கோழிகள் பயபக்தியுடன் தலையாட்டின.

வெள்ளச்சி புள்ளிச்சியின் காதோரம் குனிந்தாள். "எல்லாம் செய்தது நீ. வாயைத் திறந்து சொல்லேன்!"

"சொன்னால் மறுபடியும் அடைத்துவிடுவார். நீ பேசாமல் சாப்பிடு" என்று சொல்லி, புள்ளிச்சி ஒரு தானியத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

நீதி: நல்ல யோசனை இருந்தால் மட்டும் போதாது, கேட்பவர் மனம் ஏற்கும்படி அதைச் சொல்லத் தெரிய வேண்டும்.