பரிபூரணம் அம்மையாரின் போணி

ஒரு மனிதனின் இரு கண்களுக்கும் சேர்த்து விலை ஐயாயிரம் ரூபாய். கட்டில் வாடகை தனி. நகரத்துக் கண் மருத்துவர் சொன்ன விலை இது. பேரம் பேசிப் பார்த்தார்கள், இறங்கவில்லை. அந்த விலை கைக்கு வந்த பிறகும் அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாத ஓர் அடியாரின் வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம்.

மேலக்கரைப்பேட்டைச் சந்தையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து ஈரத்தரை பரிபூரணம் அம்மையாருக்கு உரியது. வேறு யாரும் கேட்காத இடம் என்பதால் உரியது. விடியுமுன் தோட்டத்துக்குப் போய் வாழையிலை அறுத்து, கட்டுகளைத் தலைச்சுமையாகக் கொண்டு வந்து விற்பார். கட்டை அவிழ்க்குமுன் முந்தானையைத் தலைமேல் இட்டு, கண்களை மூடி ஜெபிப்பார். அந்நேரம் பார்த்து வந்து காத்துநின்று, வேறு கடைக்குப் போன வாடிக்கையாளரும் உண்டு.

பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்ற வன்னியபெருமாள், “ஆண்டவரே, இந்த யக்கா கண்ண மூடியிருக்கையில வார கிராக்கிய எல்லாம் எனக்கே அனுப்பும்” என்று கூடவே கைகூப்புவார். அம்மையார் கண்ணைத் திறந்து, “ஆமென்” என்பார்.

அன்றைய முதல் விற்பனையை வியாபாரிகள் போணி என்பார்கள். போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத வியாபாரி கிடையாது. போணியில் கடன் சொன்னால் உறவே முறிந்துபோகும். அம்மையாரோ போணிக் காசை ஒற்றிக்கொண்டதும் தனியே ஒரு துணியில் முடிந்துவிடுவார். முதலில் வருவது எதுவானாலும் கர்த்தருக்கு; அதன் பிறகே அடுப்புக்கு. திருமணமான ஆண்டில் நேர்ந்துகொண்ட பொருத்தனை. இரண்டு இலைக் காசும் ஐந்து இலைக் காசுமாக, ஞாயிறுதோறும் அது கோயில் காணிக்கைப் பெட்டியில் விழுந்தது. ‘போணியைக் கொடுத்துவிட்டு உருப்பட்டவர் யார்’ என்று சந்தை கேட்டது. அம்மையாரின் கிழிந்த சேலையைப் பார்த்தால் சந்தையின் கேள்வி நியாயமாகத்தான் தோன்றும்.

கணவர் மாசிலாமணியார் மண்டியில் சாக்குத் தைப்பவர். அம்மையாருக்கு எழுத்துத் தெரியாது. மாலையில் அவர் வேதம் வாசிக்க, இவர் கேட்டிருப்பார். ஓர் ஆண்டு ஆடி மாதத்தில் அவர் ஒரே வரியை இரண்டு முறை வாசித்தார். பிறகு வரிகளே தப்பின. கண்ணுக்குள் நீரழுத்தம் என்றும், பத்து நாளுக்குள் அறுவை செய்யாவிட்டால் பார்வை போய்விடும், போனால் திரும்பாது என்றும் மருத்துவர் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் முறை வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். ஆட்டையும் கம்மலையும் விற்றதில் ஆயிரத்து ஐந்நூறு தேறியது.

ஏழாம் நாள் ஆவணி முகூர்த்தம். தோட்டக்காரரிடம் கடன் சொல்லி, வண்டி வைத்து ஆறு கட்டு இறக்கியிருந்தார் அம்மையார். ஜெபம் முடித்துக் கண் திறந்தபோது, கல்யாண வீட்டுச் சமையற்காரர் வேனோடு நின்றிருந்தார். அவர்களுக்கு இலை ஏற்றி வந்த லாரி வழியில் படுத்துவிட்டதாம்.

“ஆறு கட்டையும் ஏத்தும்மா. கட்டுக்கு அறுநூறு. பேசுததுக்கு நேரமில்ல.”

மூவாயிரத்து அறுநூறு. அம்மையார் வாய்க்குள் கூட்டிப் பார்ப்பதை வன்னியபெருமாள் கண்டார். கண் விஷயம் அவருக்குத் தெரியும். பழக்கூடையைத் தாண்டி வந்து, நோட்டை எண்ணிக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்தார்.

“அண்ணாச்சி, மொதல்ல ஒரே ஒரு இலைக்கு மட்டும் துட்டக் குடுங்க. மிச்சத்த நான் ஒரு தும்மு தும்முன பொறவு குடுங்க.”

“ஒமக்குக் கிறுக்காவே?”

“கிறுக்கு எனக்கில்ல, அந்த யக்காளுக்கு. மொதத் துட்டு சாமிக்குன்னு வச்சிருக்கா. ஒரு இலை போணியாவட்டும். மத்தது வீடு போய்ச் சேரட்டும்.”

சமையற்காரருக்கு அதில் நட்டம் ஒன்றுமில்லை. ஆறு ரூபாயைத் தனியே எடுத்து நீட்டினார்.

சந்தையில் பிறந்த எவரும் இந்த வழியைக் குறைசொல்ல முடியாது. அம்மையார் அந்த ஆறு ரூபாயைப் பார்த்தார். கை ஒருமுறை நீண்டது, மடங்கியது.

“மொத்தமாவே குடுங்க அண்ணாச்சி.”

“யக்கா, ஒன் புருசன் கண்ணுக்கா!”

“இம்புட்டு வருதுன்னு தெரிஞ்ச பொறவு ஆண்டவருக்கு ஆறு ரூவாய ஒதுக்கினா, அது காணிக்க இல்ல பெருமாளு. தரகு.”

ஞாயிறு வரை அந்தப் பணத்தை வீட்டில் வைத்திருக்கத் தம்மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை. நேரே கோயிலுக்குப் போய்ப் பெட்டியில் போட்டார். செய்தி கேட்டுக் குருவானவர் வீடு தேடி வந்தார்.

“எடுத்துக்கோம்மா. ஆண்டவர் கோவிக்க மாட்டார்.”

“கோவிக்க மாட்டார்னு எனக்கும் தெரியும் ஐயா. அதனாலதான் எடுக்க முடியல.”

மாலையில் கணவரிடம் தாமே சொன்னார். மாசிலாமணியார் கையிலிருந்த கோணியூசியைக் கீழே வைத்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா, பூரணம்.”

“கேட்டிருந்தா ஒரு இலைக்கு மட்டும் வாங்குன்னு சொல்லியிருப்பிய. நானும் வாங்கியிருப்பேன்.”

அவர் ஊசியைத் தடவி எடுத்து மறுபடி தைக்கலானார். கார்த்திகை பிறக்குமுன் பார்வை முழுதும் போயிற்று.

அதன்பின் அம்மையார் பட்டதை எழுதக் கை கூசுகிறது. கையிலிருந்த ஆயிரத்து ஐந்நூறு கண்மருந்துக்கே கரைய, தோட்டக்காரரின் கடனுக்கு மூன்று மாதம் கூலியின்றி இலை அறுத்தார். ‘புருசன் கண்ணை உண்டியலில் போட்டவள்’ என்று குழாயடியில் அவர் காதுபடவே பேசினார்கள். சபைப் பெண்களும் பேசினார்கள். அவற்றையெல்லாம் தாங்கினார். மாலையில் மூடியே கிடந்த வேதபுத்தகத்தைத்தான் தாங்க முடியவில்லை. அதைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். மாசிலாமணியார் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். மனைவியிடம் உப்புக்கும் தண்ணீருக்கும் மட்டும் வாய் திறந்தார். அம்மையார் போணியைக் கொடுப்பதை ஒருநாளும் நிறுத்தவில்லை. அழாமல் கொடுத்த நாள் எது என்று அவருக்கே தெரியாது.

நான்காம் ஆண்டு, வீட்டில் தனியே இருக்க மாட்டாமல் மாசிலாமணியாரும் சந்தைக்கு வந்து, பேசாமல் இலை துடைத்துக் கொடுக்கத் தொடங்கினார். ஒரு பனிக்காலக் காலை, கிழிந்த லுங்கி கட்டிய வழிப்போக்கர் ஒருவர் வந்து ஓர் இலை கேட்டார். அம்மையார் கொடுத்தார். அவர் நீட்டிய போணிக் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாள்தோறும் நடப்பதுதான். வந்தவர் கூட்டத்தில் கலந்து போனார்.

மாசிலாமணியாரின் கையிலிருந்த இலை நழுவியது.

“பூரணம், யாரு அது?”

“யாரோ வழிப்போக்கர். ஏன்?”

“உள்ளங்கையில காயமா அவருக்கு?”

அம்மையார் திகைத்தார். அப்படி எதையும் அவர் பார்க்கவில்லை. காலணா அளவு காயம்கூட அந்தக் கையில் இல்லையே என்று வன்னியபெருமாளும் சொன்னார்.

“இருந்துச்சு. நடு உள்ளங்கையில, ஆணி அகலத்துக்கு. நான் பாத்தேன். வேற ஒண்ணும் தெரியல, ஒன் மொகங்கூடத் தெரியல. ஒன் பக்கமா நீட்டின கை மட்டும் தெரிஞ்சுது. இப்பப் பழையபடி இருட்டு.”

சொல்லிவிட்டு, நான்காண்டுகளில் முதல்முறையாக மனைவியின் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டார். சந்தை நடுவே இருவரும் அழுதார்கள். வன்னியபெருமாள் தம் கடையை விட்டுவிட்டு, அவர்கள் கடைக்கு வந்தவர்களுக்கு இலை எண்ணிக் கொடுத்தார்.

மாசிலாமணியார் அந்தப் பங்குனியில் அதே இருட்டிலேயே கண்மூடினார். பார்வை திரும்பவே இல்லை. அம்மையார் அடுத்த ஆண்டு அவர் பக்கத்தில் அடக்கமானார். கர்த்தரை முதலில் வைத்து, தம்மைக் கடைசியாகக்கூட வைக்க மறந்துபோன அந்த அம்மையாரின் பாதத்தூளி நம் தலைமேல் இருக்கட்டும்.

கணக்கை எழுதி முடிக்கிறோம். கொடுத்தது, கண் இரண்டு. காட்டப்பட்டது, கை ஒன்று. இன்னொரு கை பாக்கி.