விசுவாசக் கயிறும் நேசம்மாவின் அம்மிக்குழவியும்

உப்பாங்குடி ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அஞ்சு பிள்ளைகள் ஒண்ணாப் படிச்சாங்க. படிச்சாங்க என்று அந்தப் பள்ளிதான் சொல்லுது, நான் சொல்லவில்லை. நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லித்தரப் போகிறவர்கள் இவர்கள்தான் என்பதால் கொஞ்சம் மரியாதையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அஞ்சு பேருக்கும் தலைவி எப்சிபா. யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வாள். பொன்மலருக்கு உடம்பில் நல்ல பலம். அந்தப் பலம் கழுத்து வரைக்கும் வந்து, அதுக்கு மேலே ஏற வழி தெரியாமல் நின்றுவிட்டது. ரூபி சந்தேகம் கேட்பாள். மற்ற ரெண்டு பேரும் எல்லாத்துக்கும் “ஆமா” மட்டும்தான் சொல்வார்கள். அதனால் அவர்கள் பேர் நமக்கு வேண்டாம்.

இந்த அஞ்சு பேரையும் மலை மேல் இருக்கிற ஒரு கிறிஸ்தவ முகாமுக்கு அனுப்பி வைத்தார்கள். ‘விசுவாசமும் வீரமும்’ என்று மூணு நாள் பயிற்சி. கயிற்றில் ஏறணும், காட்டில் நடக்கணும், ஒவ்வொண்ணு முடிந்ததும் உட்கார்ந்து அதில் இருக்கிற ஆவிக்குரிய பாடத்தைப் பேசணும். பஸ் ஏற்றிவிட வந்த பள்ளி முதல்வர் ஒரே ஒரு புத்திதான் சொன்னார்.

“அங்க சொல்றதை அப்படியே செய்யணும்.”

எப்சிபா எழுதிக்கொண்டாள். ‘அப்படியே’ என்பதற்குக் கீழே ரெண்டு கோடும் போட்டாள்.

முகாமில் பயிற்சி கொடுக்கிறவள் பெனிட்டா. கழுத்தில் எப்பவும் ஒரு விசில் தொங்கும். மூணு வருஷமாகத் தற்காலிக வேலை. இந்தப் பயிற்சியின் மூணாம் நாள் முகாம் தலைவர் சாலமோன் ஐயா நேரில் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் வேலை நிரந்தரம். உத்தரவுத் தாளை டைப் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்கள். பிடிக்கவில்லை என்றால் பயிற்சியையே நிறுத்திவிட்டு, கயிறுகளைத் துணி காயப்போடக் கட்டிவிடலாம் என்று தலைவர் முன்னாலேயே சொல்லியிருந்தார். “புத்தியுள்ள பிள்ளைகளா அனுப்பும் ஆண்டவரே” என்று பெனிட்டா ஒரு வாரமாக ஜெபம் பண்ணினாள். ஆண்டவர் உப்பாங்குடி பஸ்ஸை அனுப்பினார்.

முதல் நாள் காலையில் நம்பிக்கைப் பயிற்சி. ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாயணும், மற்றவர்கள் பிடிக்கணும். விழமாட்டோம் என்று நம்பிச் சாய்வதுதான் பாடம்.

“கண்ணை மூடுங்க. பயப்படாதீங்க. நம்பிக்கையோட பின்னால சாயுங்க” என்றாள் பெனிட்டா.

அஞ்சு பேரும் கண்ணை மூடினார்கள். அஞ்சு பேரும் நம்பிக்கையோட பின்னால் சாய்ந்தார்கள். தேங்காய் லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம்.

“ஏட்டி, எல்லாரும் விழுந்தா யாருட்டி பிடிக்கது?” பெனிட்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

எப்சிபா படுத்தபடியே நோட்டைப் புரட்டினாள். “பிடிக்கணும்னு இதுல இல்லையேக்கா. நம்பணும்னுதான் இருக்கு. நாங்க நம்பினோம்.”

“ஆமா” என்றார்கள் பேர் வேண்டாத ரெண்டு பேரும்.

சாயங்காலம் பாவச்சுமைப் பயிற்சி. ஆளுக்கு ஒரு கல்லை எடுத்துக்கொள்ளணும். அதுதான் நம்ம பாவம். மலை உச்சியில் நிற்கிற மரச்சிலுவை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் அங்கே இறக்கி வைக்கணும்.

“உங்க பாவத்துக்குத் தக்கதா ஒரு கல் பாத்து எடுங்க. இறக்கி வச்ச பாவத்தை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது, தெரியுமா?” என்று பெனிட்டா சொன்னாள். எப்சிபா எழுதிக்கொண்டாள்.

உடனே ஆலோசனை நடந்தது.

“எனக்கு எவ்வளவு பெரிய கல்லு வேணும்?” ரூபி கேட்டாள்.

“நீ போன மாசம் என் சோப்பை எடுத்து முகம் கழுவினல்லா? அதுக்கு ஒரு புளியங்கொட்டை அளவு போதும்” என்றாள் எப்சிபா.

“ரெண்டு தடவை கழுவினேன்.”

“அப்ப ரெண்டு புளியங்கொட்டை.”

பொன்மலர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பாவம் என்னவென்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மெதுவாகச் சமையல்கட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது தோளில் நேசம்மாவின் அம்மிக்குழவி இருந்தது.

நேசம்மாதான் முகாமுக்குச் சமையல். மலையில் அந்த வாரம் முழுக்கக் கரண்டு இல்லாததால் எண்பது பேருக்கும் தேங்காய்ச் சட்னி அந்த அம்மியில்தான். அன்றைக்கு ராச்சாப்பாட்டுக்கு அரைக்கப் போனவள் குழவியைக் காணாமல் தேடி, விசாரித்து, மூச்சு வாங்க மலை ஏறி, சிலுவை அடியில் கண்டுபிடித்தாள். குனிந்து எடுக்கப் போனாள்.

“தொடாதீங்கக்கா!” அஞ்சு பேரும் ஓடி வந்து மறித்தார்கள். “அது பொன்மலருக்க பாவம்.”

“அது எங்க ஆத்தா சீதனமா தந்த குழவிட்டி!”

“அப்படித்தான் இருந்துச்சு. இப்ப பாவமாயிட்டு. இறக்கி வச்ச பாவத்தைத் திரும்ப எடுக்கப்பிடாது. எழுதியிருக்கு, பாருங்க.”

நேசம்மா நோட்டைப் பார்த்தாள். எழுதித்தான் இருந்தது. முகாமில் வேலை பார்க்கிறவள், பாவத்தைத் தொட்டாள் என்று பேர் வந்தால் நல்லாவா இருக்கும்? வெறுங்கையோடு இறங்கிப் போனாள். அன்றைக்குச் சட்னி கிடையாது. மறுநாளும் கிடையாது. உலகத்தில் முதல் தடவையாக ஒருத்தி பாவத்தை விட்டதற்கு எண்பது பேர் வெறும் இட்லி தின்றார்கள்.

ரெண்டாம் நாள் வந்தது கயிறு. அறுபது அடி நீளம், கட்டைவிரல் பருமன். கண்ணைக் கட்டிக்கொண்டு, மரங்களுக்கு நடுவே அந்தக் கயிற்றைப் பிடித்தபடி நடக்கணும். நடுவில் யாராவது வந்து, “விட்டுரு, வழி இந்தப் பக்கம்” என்று ஆசை காட்டுவார்கள். ஏமாறக் கூடாது.

முதல் நாள் பட்டதில் பெனிட்டா இப்போது எல்லாத்தையும் அழுத்தமாகச் சொல்லிவிடணும் என்று முடிவு பண்ணியிருந்தாள்.

“நல்லாக் கேட்டுக்கோங்க. இந்தக் கயிறுதான் உங்க விசுவாசம். யாரு சொன்னாலும் விடாதீங்க. என்ன வந்தாலும் விடாதீங்க. நானே வந்து விடச் சொன்னாலும் விடாதீங்க!”

ஒரு மணி நேரத்தில் அஞ்சு பேரும் ஒரு தப்பும் இல்லாமல் நடந்து முடித்தார்கள். கண்கட்டுகளை அவிழ்த்துவிட்ட பெனிட்டாவுக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. “அருமையாச் செஞ்சீங்க பிள்ளைகளா. இனி கயிற்றை விடலாம்” என்றாள்.

அஞ்சு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

“நீங்க இப்படிக் கேப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியுமேக்கா” என்றாள் ரூபி.

“சோதனை முடிஞ்சுட்டுட்டி! நெசமாத்தான் சொல்லுதேன், விடு.”

“நெசமாச் சொல்லுத மாதிரிதான் சோதனை வரும்னு காலையில பிரசங்கத்துல சொன்னாங்க” என்றாள் எப்சிபா.

பெனிட்டா கெஞ்சினாள், விசில் ஊதினாள், நோட்டில் எழுதியிருந்ததை அடிக்கவும் பார்த்தாள். அவள் கெஞ்சக் கெஞ்ச அவர்கள் பிடி இறுகியது. இவ்வளவு பெரிய சோதனை என்றால் பரிசும் பெரிசாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்குள் பேச்சு.

அதுக்கப்புறம் கயிறு போன இடமெல்லாம் அவர்கள் போனார்கள். மரத்தில் கட்டியிருந்த முடிச்சுகளை அவிழ்த்து, கயிற்றோடு சாப்பாட்டுப் பந்திக்கு வந்தார்கள். அங்கே பெரிய வாக்குவாதம்.

“சோத்துக் கையால விசுவாசத்தைப் பிடிக்கலாமா?”

“கூடாது. எச்சி.”

“அப்ப இடது கையால பிடிப்போமா?”

“விசுவாசத்தையா? இடது கையாலயா? உங்க அம்மா உன்ன இப்படியா வளத்தா?”

கடைசியில் ரெண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரசஞ்சாதத்தை வாயால் குனிந்து தின்றார்கள். பார்த்த மற்ற பிள்ளைகள் அழுதுவிட்டார்கள், பக்தி என்று நினைத்து. குளித்தது எப்படி என்று கேட்காதீங்க. படுத்தது வரிசையாக, காயப்போட்ட துணி மாதிரி.

மூணாம் நாள் காலையில் சாலமோன் ஐயா ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, நல்ல அடர்த்தியான மீசை, கையில் புது போன். உத்தரவுத் தாளைப் பெனிட்டாவிடமே கொடுத்து, “பாத்துட்டுக் கையெழுத்துப் போடுதேன், நீயே வச்சிரு” என்றார். பெனிட்டா அதை மடங்காமல் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள்.

முகாமுக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் தேங்கி ஒரு சேற்றுக் குட்டை உண்டு. அதன் கரையில் அஞ்சு பேரும் கயிற்றோடு நின்றிருந்தார்கள்.

“இவங்க ஏன் கயிறும் கையுமா நிக்காங்க?” என்றார் ஐயா.

பெனிட்டா முந்திக்கொண்டு பதில் சொன்னாள். “அது... நேத்துப் படிச்ச பாடம் ஐயா. இன்னைக்கும் விடாமப் பிடிச்சிருக்காங்க.”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஐயாவுக்கு மனசு குளிர்ந்துபோச்சு. “இப்படிப் பிள்ளைகளை நான் பாத்ததே இல்ல! ஒரு போட்டோ எடுப்போம்” என்று போனைத் தூக்கிக்கொண்டு, அஞ்சு பேரும் படத்தில் அடங்குவதற்காக ஒரு அடி பின்னால் வைத்தார். ரூபியின் காது மட்டும் அடங்கவில்லை. இன்னொரு அடி வைத்தார். இப்போது எல்லாரும் அடங்கினார்கள். ஐயாதான் இடுப்பு வரைக்கும் சேற்றில் இருந்தார்.

“கயிற்றை வீசுங்கட்டி!” பெனிட்டா அலறினாள்.

“வீசணும்னா விடணுமேக்கா” என்றாள் எப்சிபா.

“மனுஷன் முங்குதாரு!”

“என்ன வந்தாலும் விடாதீங்கன்னுதான் எழுதியிருக்கு. தலைவர் முங்குதது ‘என்ன வந்தாலும்’ல சேருமா, சேராதா?”

“சேரும்” என்றாள் ரூபி, ரொம்ப யோசித்து.

“ஆமா.”

சேறு ஐயாவின் நெஞ்சுக்கு வந்தது. அப்போதுதான் பொன்மலருக்கு, வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு யோசனை தோன்றியது.

“கயிறை விடாண்டாம். கயிறோட நாம போவோம்.”

அஞ்சு பேரும் வரிசையாகக் குட்டைக்குள் இறங்கினார்கள். ஒரு ஆள் முங்கிய இடத்தில் இப்போது ஆறு ஆள். பொன்மலர் ஐயாவின் வலது மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பலமுள்ள பிள்ளை. பதினோரு முடிச்சு போட்டாள்.

பெனிட்டா ஓடிப்போய்க் கயிற்றின் கரைப்பக்க நுனியை எடுத்து ஜீப்பின் பின்னால் கட்டப் போனாள்.

“அக்கா! ஜீப்பு விசுவாசத்தைப் பிடிக்கலாமா?” கழுத்தளவு சேற்றிலிருந்து ரூபியின் சந்தேகம் வந்தது.

“ஜெபம் பண்ணித்தான்டி வாங்கினோம்!”

“அப்பச் சரி.”

டிரைவர் வண்டியை எடுத்தார், ஜீப் இழுத்தது. வேறு பிள்ளைகளாக இருந்தால் கை வழுக்கிக் கயிறு தனியாக வந்திருக்கும். இவர்கள் விடவில்லையே! ஐயாவும் அஞ்சு பேரும் நூலில் கோத்த மீன் மாதிரி ஒண்ணுக்குப் பின்னால் ஒண்ணாகக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பெனிட்டா ஜீப்பில் கட்டிய நுனியை அவிழ்த்துவிட்டாள்.

சாலமோன் ஐயா மீசையிலிருந்த சேற்றை வழித்துவிட்டு எழுந்து நின்றார். முகாமே கூடியிருந்தது. “சகோதர சகோதரிகளே, இதுதான் விசுவாசம்! இந்தக் கயிற்றை இந்தப் பிள்ளைகள் விட்டிருந்தால் நான் இன்னைக்கு இல்லை. நானும் இனி விடமாட்டேன்!” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எப்சிபா, நோட்டு சேற்றோடு போய்விட்டதால், மனசில் எழுதிக்கொண்டாள்.

“பெனிட்டா, அந்தத் தாளைக் கொடும்மா. நீ நிரந்தரம்.”

பெனிட்டா தாளையும் பேனாவையும் நீட்டினாள். ஐயா வலது கையைத் தூக்கினார். கூடவே அறுபது அடிக் கயிறும் அஞ்சு பிள்ளைகளும் வந்தார்கள். ஈரத்தில் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. இடது கையால் போட்டுப் பார்த்தார். நண்டு நடந்த மாதிரி வந்தது. “இது என் கையெழுத்தே இல்ல, ஆபீஸ்ல ஒத்துக்கிட மாட்டாங்க” என்று அவரே அடித்துவிட்டு, பக்கத்திலேயே வேறு இடம் காட்டினார்.

பெனிட்டா சமையல்கட்டிலிருந்து அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“ஐயய்யோ, விசுவாசத்தை வெட்டுதாங்க!” பேர் வேண்டாத ரெண்டு பேரும் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசி அழுதார்கள்.

“ஐயா, இப்பத்தான எல்லார் முன்னாலயும் விடமாட்டேன்னு சொன்னீங்க? அதுக்குள்ள விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றமா?” என்றாள் எப்சிபா.

கூட்டம் ஐயாவைப் பார்த்தது. ஐயா அரிவாள்மணையைப் பார்த்தார். “அதைக் கீழ வைம்மா” என்றார் மெதுவாக.

அந்த நேரத்தில் உப்பாங்குடி போகிற பஸ் வாசலில் வந்து ஆரன் அடித்தது. சாயங்காலம் நாலு மணிக்குள் திரும்பணும் என்பது பள்ளியின் உத்தரவு. பிள்ளைகள் உத்தரவை மீறுகிறவர்களா? வரிசையாக ஏறினார்கள். கயிறு ஏறியது. கயிற்றோடு ஐயாவும் ஏறினார், வேறு என்ன செய்வார்? தாளும் பேனாவுமாகப் பின்னால் ஓடிய பெனிட்டா, பஸ் கிளம்பும்போது வாசலில் தொங்கிய கயிற்று நுனியை எட்டிப் பிடித்ததை நேசம்மா பார்த்தாள். விட்டதைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் முகாம் ஆபீஸில் போன் அடித்தது. எடுக்க ஆள் இல்லாமல் நேசம்மாதான் எடுத்தாள்.

“நான் உப்பாங்குடி ஆசிரியப் பயிற்சிப் பள்ளி முதல்வர் பேசுதேன். நாங்க அனுப்பினது அஞ்சு பேரு. கயிற்றுல ஏழு பேரு வந்திருக்காங்களே? சேறு பூசின மீசைக்காரர் ஒருத்தர், விசில் போட்ட அம்மா ஒருத்தர். இவங்களை முதல் வருஷத்துல உக்கார வைக்கதா, ரெண்டாம் வருஷத்துலயா?”

“எங்க வேணாலும் வைங்க சார். எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. சிலுவைகிட்ட இருக்க குழவியை நான் எடுக்கலாமான்னு அந்தப் பிள்ளைகள்ட்ட கேட்டுச் சொல்லுங்க. ரெண்டு நாளா சட்னி இல்ல.”

முதல்வர் கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஆலோசனை நடக்கிற சத்தம், கடைசியில் ரெண்டு “ஆமா”. திரும்ப அவர் குரல் வந்தது.

“கூடாதாம்மா. பாவமாம். வேற ஏதாவது கேக்கணும்னா சட்டுனு கேளுங்க, ஒத்தைக் கையாலதான் போனைப் பிடிச்சிருக்கேன்.”