தலைவர் காரில் கருகல் நாற்றம்

மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டுக்குப் புதுக்காரில் வந்து இறங்கினார் தலைவர் ஆளவந்தார். இறங்கும்போதே டிரைவரிடம் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"ரப்பர் கருகுற நாத்தம் குடலைப் பிடுங்குது. நான் பேசி முடிக்கிறதுக்குள்ள அது போகணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

டிரைவர் செங்கேணி பானெட்டைத் திறந்து பெல்ட்டைப் பார்த்தான். டயர்களை முகர்ந்தான். ஒன்றுமில்லை. நாற்றம் பின்பக்கம். காருக்கு அடியில் புகுந்தான். சைலன்சரில் ஒட்டி வெந்துகொண்டிருந்தது ஒரு பழைய ரப்பர் செருப்பு. கட்டியிருந்தது தலைவர் தோளில் போடும் கட்சித் துண்டின் கிழிசலால். யார் வேலை என்று புரிந்துவிட்டது. செருப்பை அறுத்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

பேசி முடித்துக் கூட்டத்தோடு வந்தார் தலைவர்.

"ஐயா, உங்க பேரைக் கெடுக்க ஆகாத எவனோ திருஷ்டிச் செருப்பு கட்டியிருக்கான். அறுத்துட்டேன். எல்லார் முன்னாலயும் சாக்கடையில வீசிடறேன்." கையை ஓங்கினான் செங்கேணி.

"டேய், வீசாதடா! ஜோசியர் மந்திரிச்சுக் கொடுத்தது!" பாய்ந்து பிடுங்கினார் தலைவர்.

கூட்டம் வாயைப் பிளந்தது. எதிர்க்கட்சிக்காரன் எவனாலும் வரவழைக்க முடியாத வார்த்தை அது. என்ன மூளை ஐயா செங்கேணிக்கு!

"நாத்தம் போயிடுச்சுங்க ஐயா. இனிமேலும் வண்டியை நான்தானே ஓட்டணும்?" என்றான் செங்கேணி, பணிவாக.

தலைவர் தலையை மட்டும் ஆட்டினார். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார்.