கண்ணில்லாத நத்தையும் வீடு தேடுன நண்டும்

ஒரு ஊர்ல ஒரு நத்தை இருந்துச்சு. ஊருன்னா நம்ம ஊரு இல்ல, ஜெனோ. வெயிலே எட்டிப் பாக்காத கடலோட அடி. ம் கொட்டு, கொட்டினாத்தான் அத்தை மேல சொல்லுவேன்.

"ம்."

நத்தை இத்தனூண்டு, புளியங்கொட்டை அளவு. கண்ணே கிடையாது. அந்தக் கும்மிருட்டுல கண்ணு எதுக்கு? ரெண்டு கொம்பை நீட்டித் தடவும். ஒத்தைக் காலால சேத்துல சறுக்கும், சர்ர்... சர்ர்... வாய்க்குள்ள அரம் மாதிரி நாக்கு, அது நெடுகப் பொடிப் பொடிப் பல்லு. மேலேருந்து தூசியா விழுற இரையைக் கரக் கரக்னு சுரண்டித் தின்னும். முதுகுல வெள்ளைக் கூடு, சுத்திச் சுத்திப் போய்க் கூரா முடியும். தோல்லேருந்து ஊறுற சுண்ணாம்பால தானே கட்டினது. ஒருத்தரும் தூக்கிக் குடுத்ததில்ல!

அப்போ ஒரு நாள், டொக் டொக்! யாருன்னா, சங்கு நண்டு. முன்பக்கம் கொடுக்கு, பின்பக்கம் பஞ்சு. அந்தப் பஞ்சு உடம்பைக் காலிக் கூட்டுக்குள்ள சொருகிட்டுத் திரியறவன். இப்போ உடம்பு வளந்துருச்சு, பழைய கூடு இறுக்குது, விரிசலும் விட்டுருச்சு. வேற வீடு கிடைக்கலன்னா மீன் வாய்க்குத்தான்.

வாங்க வந்தவன் முதல்ல பொருளைக் குறை சொல்லணுமே, சொன்னான்.

"என்னக்கா இது, வெங்காயச் சருகு மாதிரி இருக்கு? சரி, போகுது. கழட்டிக் குடு. என் கூட்டை நீ வச்சுக்கோ."

"கழட்ட முடியாது தம்பி."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"இது வீடு இல்லடா. நகமும் சதையுமா ஒட்டின உடம்பு. கழண்டா செத்துருவேன்."

அவன் நம்பல. ஆயுசுக்கும் அடுத்தவங்க கூட்டுல குடியிருந்தவனுக்கு அது எப்படிப் புரியும்?

அப்புறம் மறுபடி வந்தான். இந்தத் தடவை பேச்சே இல்ல. கொடுக்கால கூட்டோட விளிம்பைப் பிடிச்சு, மடக்! ஒரு துண்டு போச்சு. நத்தை உள்ள சுருண்டு, கால்ல ஒட்டியிருக்குற மூடியை இழுத்துச் சாத்துச்சு, டப்! நானா இருந்தா அவன் கொடுக்கை முறிச்சுக் குழம்பு வச்சிருப்பேன்.

"ஐயோ, வேண்டாம் அத்தை."

சரி, வைக்கல. படு.

அப்புறம் மூணாவது தடவை. விளிம்பு உடைஞ்சதால மூடி சரியாப் பொருந்தல. நத்தை பயந்து கிடக்கு. அப்போ வெளியே அழுகை.

"அக்கா, என் கூடு பிளந்துருச்சு. முதுகெல்லாம் குளிருது. மீன் வருது அக்கா!"

தூரத்துல தண்ணி அலம்புது, குபுக்... குபுக்...

பக்கத்துச் சேத்துக்குள்ள நத்தையோட அம்மா கூடு காலியாப் புதைஞ்சு கிடந்துச்சு. நத்தைக்கு மட்டுந்தான் அது தெரியும். அம்மா போனதுலேருந்து, தூங்கறதுக்கு முன்னாடி தினமும் கொம்பால ஒரு தடவை தடவிப் பாத்துக்கும். அதைப் போயி, கடிச்சவனுக்கா குடுக்கறது?

"குடுக்கணும் அத்தை."

"எதுக்குடி?"

"அவனுக்கு முதுகு குளிருதுல்ல."

ம். நத்தையும் அப்படித்தான் நினைச்சுது. "என் தடத்தைப் பிடிச்சு வாடா"ன்னு முன்னால சறுக்கிப் போச்சு. அவன் சேத்தைத் தோண்டினான். சளக்! அளவெடுத்த மாதிரி உள்ள போயிட்டான். மீன் வந்து முட்டுச்சு, டங்! கூடு உடையல. மீன் சலிச்சுப் போய்த் திரும்பிருச்சு.

நண்டு தலை குனிஞ்சு, "இதுக்கு என்ன தரணும், கேளுக்கா"ன்னான்.

"என் விளிம்பு வளர்ற வரைக்கும் வாசல்ல காவலுக்கு நில்லு."

நின்னான். சுண்ணாம்பு ஊறி ஊறி, விளிம்பு மெல்ல மெல்ல வளந்துச்சு. ஒரு நாள் நத்தை கொம்பை வெளியே நீட்டித் தடவிச்சு. அதே சுருள், அதே வழவழப்பு. இத்தனை நாள் சேத்துக்குள்ள அசையாமக் கிடந்த அம்மா கூடு, அதுக்குப் பக்கத்துலயே மெதுவா நடந்துட்டிருந்துச்சு.

ஜெனோ? ம் சத்தத்தையே காணோம். கதை கரை ஏறிருச்சு, தூங்கு கண்ணு.